கேஸ்கட் ஆண்டும் பிற ஆண்டுகளும்

பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது எந்த ஆண்டு என்று கேட்டால், மாத்தளையில் என் வயதுக்காரர் சிலர் இன்றும் "கேஸ்கட் வருஷம்" என்று சொல்வார்கள். சிங்களம் மட்டும் அரசகரும மொழியானது கார்புரேட்டர் வருஷம். வெளிநாட்டுக் கார்கள் வந்திறங்குவது நின்றுபோன வருஷத்துக்கு மட்டும் எந்த உதிரிப்பாகத்தின் பெயரும் கிடையாது. அது எங்கள் ஊர்ப் பந்தயக்காரர் வென்ற வருஷம். வரலாற்று நூல்களில் இந்த வரிசை இல்லை. ஆனால் நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பிழை ஒன்றும் அகப்படவில்லை.

இந்தப் பெயர்களை எங்களுக்கு வழங்கியவர் எங்கள் ஊரின் ஒரே பந்தயக் கார் ஓட்டுநர். ஊர் அவரை நானா என்று அழைத்தது. மூத்த முஸ்லிம் ஆண்கள் எல்லோரையும் அப்படித்தான் அழைத்தோம். நுவரெலியாவில் ஆண்டுதோறும் மலையேற்றக் கார்ப் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு காராக மேலே ஏறவேண்டும். யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறாரோ அவருக்குக் கோப்பை. நானா ஒவ்வோர் ஆண்டும் போவார், தோற்பார், திரும்புவார். திரும்பியதும் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்து, இந்தத் தடவை காரின் எந்த உறுப்பு தோற்றது என்று அறிவிப்பார்.

"மனிசன் தோக்கிறல்ல தம்பி. வண்டிதான் தோக்கிற" என்பார். இது அவருடைய கொள்கை. எஞ்சினின் உட்பகுதிகள் பற்றி மாத்தளை மக்களுக்கு இருந்த அறிவு முழுவதும் அவருடைய தோல்விகளால் கிடைத்தது. வெற்றிலைக் கடைக்காரருக்கும் பிஸ்டன் வளையம் என்றால் என்ன என்று தெரிந்திருந்தது.

ஆள் மெலிந்தவர், உயரம் குறைவு. கைகளில் எப்போதும் பழுப்புத் தோலுறை. பால் கலக்காத பிளேன்டீயைக்கூட உறையோடுதான் பிடித்துக் குடிப்பார். சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் மட்டும் கழற்றுவார். கழுத்தில் பந்தயக் கண்ணாடி தொங்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது தலையில் தொப்பி, கழுத்தில் கண்ணாடி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் யாரோ இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "தொழுறத்துக்கு அதால என்ன கரச்சல்? கண்ணாடி சும்மாதானே தொங்குது" என்று கேட்டாராம்.

அவர் தம்மைத் தொழில்முறை ஓட்டுநர் என்று சொல்லிக்கொண்டதில் பொய் இல்லை. அந்தப் பந்தயத்தில் ஓடிய மற்றவர்கள் தோட்டத்துத் துரைமார், கொழும்புச் சீமான் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் சொந்தக் காரை ஓட்டினார்கள். அதற்குக் கூலி வாங்குவது அவர்கள் மத்தியில் இழிவு. இவர் இன்னொருவர் காரைக் கூலிக்கு ஓட்டினார்.

"அவங்க வெளையாடுறாங்க. நான் தொழில் செய்ற" என்றார் ஒரு நாள்.

"வெளையாடுறவங்கதானே ஜெயிக்கிறாங்க, நானா?" என்று கேட்டேன். நான் அப்போது தபாற்கந்தோரில் கடிதமும் தந்தியும் கவனிக்கப் புதிதாகச் சேர்ந்த லிகிதர். பெரியவர்களைக் கேள்வி கேட்கும் வயது.

"வெளையாட்டுல லேசா ஜெயிக்கலாம். தொழில்ல ஏலா."

அந்த இன்னொருவர், மிளகும் ஏலமும் கொக்கோவும் வாங்கி விற்ற எங்கள் ஊர் முதலாளி. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையிடம் மேல் திறந்த சிவப்புக் கார் ஒன்றை வாங்கினார். அதன் கதவில் வெள்ளை வட்டத்துக்குள் ஓர் எண் எழுதியிருந்தது. பந்தயத்தில் ஓடிய காருக்குத்தான் எண் உண்டு, எண்ணை அழித்தால் காரின் மதிப்பு இறங்கிவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அழிக்காமல் விட்டாலோ, ஓடாத காருக்கு எதற்கு எண் என்று ஊர் சிரிக்கும். எண்ணைக் காப்பாற்றத்தான் முதலாளி ஓர் ஓட்டுநரைத் தேடினார். எங்கள் மாவட்டத்தின் மோட்டார்ப் பந்தய வரலாறு இவ்வாறு தொடங்கிற்று.

முதலாளிக்கும் நானாவுக்கும் இடையில் ஒரே ஒரு வழக்கு இருந்தது. அது கடைசிவரை தீரவில்லை. பந்தயம் ஆண்டில் ஒரு நாள். மற்ற நாட்களில் நானா என்ன செய்வது? சம்பளம் கொடுப்பவர் என்ற முறையில், அவர் தம் வீட்டு டிரைவர் என்று முதலாளி கருதினார். தாம் டிரைவர் இல்லை என்று நானா கருதினார். எங்கள் ஊரில் டிரைவர் என்றால் யார் என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். டிரைவர் கதவைத் திறந்துவிடவேண்டும். கூடையைத் தூக்கிவரவேண்டும். கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு பின்பக்கத்தில் சாப்பிடவேண்டும். புகைப்படம் எடுக்கும்போது காரைத் துடைத்துக்கொண்டிருக்கவேண்டும்.

முதலாளியம்மா காய்கறி வாங்கச் சந்தைக்குப் போக விரும்பிய முதல் நாளே இந்த வழக்கு எழுந்தது. நானா மறுத்துவிட்டார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காரை வாசலில் நிறுத்தி, யாரையும் பார்க்காமல் உரக்கச் சொன்னார்:

"வண்டிய டெஸ்ட் பண்ணப் போறேன். யாரும் ஏறுறதுன்னா ஏறலாம்."

முதலாளியம்மா கூடையோடு ஏறிக்கொண்டார். அன்றுமுதல் சந்தைக்குப் போவது பிரேக் டெஸ்ட், உக்குவளையில் சம்பந்தி வீட்டுக்குப் போவது கிளட்ச் டெஸ்ட், ரிவர்ஸ்டன் பக்கம் ஏலத் தோட்டம் பார்க்கப் போவது மலை டெஸ்ட். கதவை அவர் திறந்துவிடுவதில்லை. கூடையைத் தொடுவதில்லை. முதலாளியம்மா நல்லவர், இந்த ஏற்பாட்டை மிகுந்த மரியாதையோடு ஏற்றுக்கொண்டார். "நானா, நாளைக்கு எங்க தங்கச்சி வீட்டுப் பக்கமா டெஸ்ட் எதுவும் இருக்குங்களா?" என்று கேட்பார். "பாத்துச் சொல்றேன்மா" என்பார் நானா.

முதலாளி மட்டும் விடவில்லை. எல்லோரும் நானா என்றழைத்த மனிதரை, தெருவே கேட்க, "டிரைவர்!" என்று கூப்பிடுவார். நானா திரும்பிப் பார்க்கமாட்டார். முதலாளி மறுபடி கூப்பிடுவார். கடைசியில் முதலாளியே அவர் இருக்குமிடத்துக்கு நடந்துபோய்ப் பேசவேண்டிவரும்.

கேஸ்கட் ஆண்டில் முதலாளியின் கடை லொறியில் ஏறி நானும் நுவரெலியாவுக்குப் போனேன். சிவப்புக் கார் பாதி மலை ஏறியதும் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. நானா காரை ஓரத்தில் நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இருபுறமும் நின்ற கூட்டத்துக்கு சல்யூட் அடித்தார். வென்றவர்கூட அன்று அவ்வளவு அழகாக சல்யூட் அடிக்கவில்லை. காரை ஏற்றிக்கொண்டு அதே லொறியில் எல்லோரும் திரும்பினோம். கம்பளைக்கு அருகே முதலாளி, "கேஸ்கட்டுன்னா என்னாங்க?" என்று மெல்லக் கேட்டார். நானா மாத்தளைவரை விளக்கினார்.

பிறகொரு ஆண்டு பெரும் சங்கடம் வந்தது. காரில் எதுவும் பழுதாகவில்லை. எஞ்சின் நன்றாக ஓடியது, ஆவி வரவில்லை, டயர் வெடிக்கவில்லை. கார் முழு ஆரோக்கியத்தோடு மேலே ஏறிக் கடைசியாக வந்தது. தேநீர்க் கடை காத்திருந்தது. நானா வரவில்லை. கராஜில் காரைப் பிரித்துப்போட்டு ஒவ்வொரு பாகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று செய்தி வந்தது. வாரம் முடியும் சமயத்தில் கடைக்குள் நுழைந்தார், முகம் தெளிந்திருந்தது. "பெட்ரோல் பழசு" என்றார். கடையிலிருந்த எல்லோரும் மூச்சு விட்டோம்.

முதலாளி ஒவ்வொரு விளக்கத்தையும் நம்பினார் என்பதை நினைவில் வைக்கவேண்டும். நம்பியது மட்டுமல்ல, செலவும் செய்தார். கார்புரேட்டர் தோற்றதென்றால் கொழும்பிலிருந்து புதிய கார்புரேட்டர் வரும். இப்படிப் பல ஆண்டுகளில் அந்தக் காரின் பழைய பாகங்களில் எஞ்சியிருந்தது அநேகமாகக் கதவிலிருந்த எண் மட்டும்தான்.

வென்ற ஆண்டில் நான் போகவில்லை. அன்று மலை முழுவதையும் மூடுபனி மறைத்துவிட்டதாம். துரைமார் வளைவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தடவித் தடவி ஏறினார்களாம். ஒருவர் தேயிலைச் செடிகளுக்குள் போய் நின்றாராம். எப்போதும் பனி மூடிக்கிடக்கும் ரிவர்ஸ்டன் பாதையில் ஆண்டுக்கணக்காக முதலாளியை ஏற்றிக்கொண்டு 'டெஸ்ட்' செய்திருந்த நானாவுக்கு மூடுபனி சொந்த வீட்டுத் திரைச்சீலை மாதிரி. முன்னால் பாதை தெரியாததால் பக்கத்து மண் திட்டைப் பார்த்தே ஓட்டினார் என்று, அங்கே நின்று பார்த்த ஒரு தோட்டத்துக் கிளாக்கர் பிற்பாடு என்னிடம் சொன்னார். சிவப்புக் கார் முதலாவதாக வந்தது.

முதலாளி கடைக்கு அடித்த தந்தியை வாங்கி எழுதியவன் நான். "கார் முதலிடம். மாலை, மேளம் தயார் செய்" என்பது அதன் பொருள். தந்தியில் சொல்லுக்குக் காசு என்பது உண்மைதான். மேளத்துக்குக் கிடைத்த ஒரு சொல் ஓட்டுநருக்குக் கிடைக்கவில்லை.

ஊர்வலம் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்து புறப்பட்டது. கோவிலில் புது வண்டிக்குச் செய்யும் பூசை எல்லாம் அந்தக் காருக்கு நடந்தது. நான்கு சக்கரங்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். முன்பக்கத்துக்குச் சந்தனமும் குங்குமமும் பூசி, ஆள் உயர மாலை போட்டார்கள். பின்னிருக்கையில் முதலாளி எழுந்து நின்று கோப்பையை உயர்த்திப் பிடித்தார், அவருக்கும் மாலை. காரை ஓட்டியவர் நானா. வேறு யார் ஓட்டுவது? நாதஸ்வரக்காரர் நடக்கும் வேகத்துக்கு அந்தக் காரை அணையாமல் ஓட்ட வேறு ஆள் ஊரில் இல்லை. தம்முடைய வெற்றி ஊர்வலத்தில் தாமே வண்டியோட்டிய வீரர் உலகில் வேறெங்கும் இருந்தாரா என்று தேடிப் படித்திருக்கிறேன். இதுவரை கிடைக்கவில்லை.

அன்று அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். மாலை போடுவதற்கு வசதியாக மேல் பொத்தானைத் திறந்து வைத்திருந்தார். குருக்கள் குங்குமத் தட்டோடு வந்து, முஸ்லிம் நெற்றியைப் பார்த்துத் தயங்கினார்.

"எனக்கு வேணாங்க ஐயா. ஸ்டியரிங்குக்கு வைங்க" என்றார் நானா. குருக்கள் ஸ்டியரிங்குக்கு வைத்தார். மேளம் கொட்டியது. பொத்தான் முதலாளி வீட்டு வாசல்வரை திறந்தே இருந்தது.

முதலாளி வீட்டுக் கூடத்தில் விருந்து. ஊர்ப் பிரமுகர்கள் வரிசையாக இலைமுன் அமர்ந்தார்கள். நானா கூடத்துக்குள் காலெடுத்து வைத்தபோது சமையற்காரர் குறுக்கே வந்து, "டிரைவர்மாருக்கெல்லாம் பின்னால கராஜில இலை போட்டிருக்குங்க" என்றார். சொன்னவர்மேல் குற்றமில்லை, அந்த வீட்டில் அதுதான் வழக்கம்.

நானா வைத்த காலைப் பின்னால் எடுத்தார். "நான் நோன்பு" என்றார்.

அது றமழான் மாதமல்ல. நாட்காட்டியில் சரிபார்த்துவிட்டேன். காலையில் தேநீர்க் கடையில் அவர் பிளேன்டீ குடித்ததையும் பார்த்திருந்தேன்.

விருந்துக்குப் பின் பேச்சுகள். யாரோ ஒரு பெரியவர், "ஓட்டினவரையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லலாமே" என்றார். முதலாளி எழுந்தார். அவர் கெட்டவரல்ல, ஞாபகசக்தி உள்ளவர். அதுதான் வினையாயிற்று.

"இத்தனை வருஷமா நாம தோத்தோம். ஒவ்வொரு தடவையும் நம்ம டிரைவரு என்ன சொன்னாரு? மனுசன் தோக்கிறதில்ல, வண்டிதான் தோக்குதுன்னாரு. எல்லாரும் கேட்டிருக்கீங்க இல்ல? நான் நம்புனேன். சாமான் சாமானா மாத்துனேன். இந்த வருஷம் வண்டி ஜெயிச்சிருச்சு! வண்டி ஓடுச்சு, இவரு புடிச்சிக்கிட்டிருந்தாரு. அவ்வளவுதான்!"

கூடம் கைதட்டியது. வாசற்படியில் நின்ற நானாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார். அந்தப் பேச்சில் மறுத்துச் சொல்ல ஒரு சொல்கூட இல்லை. எல்லாம் அவருடைய சொற்கள். பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார்.

மறுநாள் காரின் சாவியை முதலாளியம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "இனி டெஸ்ட் இல்லைங்களா நானா?" என்று அந்த அம்மா கேட்டாராம். "வண்டி பாஸ் பண்ணிட்டும்மா" என்றாராம்.

அதன்பின் புதிய கார்கள் வரவில்லை, உதிரிப்பாகங்கள் அருகின, வேறு யாரும் அவரை ஓட்டக் கூப்பிடவுமில்லை. நானா அரசாங்க பஸ்ஸில் சேர்ந்தார். காக்கிச் சட்டை, கையில் பழைய தோலுறை, கழுத்தில் அதே கண்ணாடி. எந்தச் சொல்லை வாழ்நாள் முழுவதும் தட்டிக்கழித்தாரோ அந்தச் சொல்தான் இப்போது அவருடைய பதவிப் பெயர். நேரசூசி என்ன சொல்லிற்றோ அதன்படி ஓட்டினார், அதற்குமேல் ஒரு துளி வேகம் இல்லை. அவர் பந்தயத்தில் ஓடியவர் என்பதை நம்பாத ஒரு தலைமுறையே அந்த பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வந்தது.

பெருந்தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ள வழிசெய்த காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்ததற்குப் பிந்திய காலம் அது. பெட்ரோல் விலை ஏறி, முதலாளியின் சிவப்புக் கார் செங்கற்களின்மேல் ஏறி நின்றது. நான் இறத்தோட்டைத் தபாற்கந்தோரில் விடுப்பில் போனவருக்காகப் பதில் கடமை பார்த்துவிட்டு மாத்தளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸை ஓட்டியவர் நானா. முன் இருக்கையில், வெள்ளை வேட்டியும் குடையுமாக முதலாளி. மறுநாள் காலை கொழும்பில் அவருடைய ஏலத் தோட்டத்தைப் பற்றி விசாரணை. நேரில் ஆஜராகாவிட்டால் தோட்டம் முழுவதும் கைவிட்டுப் போய்விடும். மாத்தளையில் ரயிலைப் பிடிக்கவேண்டும். ஆனால் வழியில் ஒரு லொறி பழுதாகிக் குறுக்கே நின்று, எங்களை வெகுநேரம் மறித்துவிட்டது.

பாதை திறந்து பஸ் புறப்பட்டதும் முதலாளி முன்னால் சாய்ந்தார்.

"டிரைவர், ரயில் போயிரும். கொஞ்சம் விட்டு ஓட்டுங்க."

நானா பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "நான் எங்க ஓட்டுற, முதலாளி? வண்டி ஓடுது. நான் சும்மா புடிச்சிக்கிட்டு ஈக்கிறேன்."

பழைய ஆட்கள் சிலர் சிரித்துவிட்டார்கள்.

"இதெல்லாம் இப்ப பேசுற நேரமா? போகலைன்னா தோட்டம் போச்சுங்க!"

"அப்ப வண்டிக்கிட்ட சொல்லுங்க. நல்ல வண்டி. ஒங்கட பேச்சு கேக்கும்."

முதலாளி இரண்டு வளைவுகள்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் ஏதோ சொன்னார்.

"என்ன முதலாளி? எஞ்சின் சத்தத்துல கேக்கல்ல."

"அன்னைக்கு ஜெயிச்சது நீங்கதான்னேன்!"

நானா கண்டக்டரைப் பார்த்தார். "பின்னால ஈக்கிறவங்களுக்குக் கேட்டிச்சா எண்டு கேளுங்க."

கண்டக்டர் பின்னால் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார். முட்டைக் கூடையோடு கடைசி இருக்கையில் இருந்த கிழவி ஒருத்தி தலையை ஆட்டினாள். "கேக்கல்லையாம்" என்றார் கண்டக்டர்.

முதலாளி எழுந்து நின்றார். ஊர்வலத்தன்று கோப்பையை உயர்த்திய அதே கை, குடையை உயர்த்தியது. "ரேஸ்ல ஜெயிச்சது காரில்லைங்க! நானா! நானாதான் ஜெயிச்சாரு! போதுமாய்யா?"

அவர் வாயிலிருந்து 'நானா' என்ற சொல் வந்ததை நான் கேட்டது அப்போதுதான். ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர் தோலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மேலே தூக்கிக் கண்களில் மாட்டினார்.

"எல்லாரும் புடிச்சிக்கோங்க."

அதற்குப் பிறகு நடந்ததை வேகம் என்று சொல்லத் தயங்குகிறேன். பஸ் துள்ளவில்லை, குலுங்கவில்லை. வளைவு வருவதற்கு முன்பே அது வளையத் தொடங்கியிருந்தது. வளைவு முடிவதற்குள் நிமிர்ந்துவிட்டது. பள்ளத்தாக்குப் பக்கம் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்தபோது அடுத்த வளைவும் தாண்டியிருந்தது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் ஒதுங்க நினைப்பதற்குள் நாங்கள் போய்விட்டோம். மாத்தளை நிலையத்துக்கு எதிரே பஸ் நின்றபோது ரயில் அங்கேயே நின்றிருந்தது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கடைசி இருக்கைக் கிழவி கூடையைத் திறந்து முட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் உடையவில்லை. அவள்தான் முதலில் கைதட்டினாள்.

விசாரணையில் முதலாளிக்குத் தோட்டத்தில் ஒரு பகுதி மிஞ்சியது. அவர் திரும்பிவந்த பிறகு கடைக்குப் போயிருந்தேன். வாடிக்கையாளர்களிடம் அந்தப் பயணத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னா ஓட்டம்ங்கிறீங்க! இப்ப நல்ல பஸ்ஸா விட்டிருக்காங்க. எஞ்சின் அப்படி."

மாலையில் தேநீர்க் கடையில் நானாவிடம் இதை அப்படியே சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிளேன்டீயைக் கீழே வைத்தார். விரல் விரலாகத் தோலுறையைக் கழற்றினார். சாப்பாட்டு நேரமுமில்லை, தொழுகை நேரமுமில்லை. வெறுங்கையால் கிளாஸை மறுபடி எடுத்துக்கொண்டு, கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு வண்டியின் பழுதை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அந்த பஸ்ஸுக்கு ரெண்டாங் கியரே விழாது, தம்பி."